ஜெப மேசைமேல் வைத்த ரூல்ஸ் கட்டு

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கதவு தட்டினாலும் பயம், யாருமே வந்து தட்டாவிட்டாலும் பயம். ஆனால் 1986ஆம் வருஷம் தீபாவளிக்கு முந்தின அந்த நாட்களில் உண்மையான காரணமே வந்து எங்கள் கோலியின், அந்த ஒற்றை அறை வீட்டின், வாசலில் நின்றது. எனக்கு வர வேண்டிய பணம் வராததால், என்னை நம்பிய ஒரு நல்ல மனுஷனுடைய அச்சு மெஷின் பறிபோக இருந்தது. அந்த நெருக்கத்தில் கர்த்தர் என் ஜெபத்துக்கு எப்படிப் பதில் கொடுத்தார் என்பதைத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் ஒரு உந்துதல். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இல்லை.

என் பெயர் பாக்கியம். விளையாட்டு உண்டாக்குவது என் தொழில். சொன்னால் சிரிப்பார்கள். அட்டையில் கட்டம் போட்டு, பகடை உருட்டி, காய் நகர்த்தி ஆடுகிறோமே, அந்த மாதிரி விளையாட்டுகள். முதலில் மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு சேட்டுக்கு வெறும் பெட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தங்கராஜ் வேலை பார்த்த மில் மூடிவிட்டது. அவர் அம்பர்நாத்தில் ஒரு பாக்டரிக்குத் தினக்கூலியாகப் போய்வந்தார். பெட்டி மடிக்கிற காசில்தான் அரிசி வாங்குவோம். ஒருநாள் சேட்டின் பெட்டிக்குள் இருந்த விளையாட்டை என் பிள்ளைகள் ஆடிப் பார்த்துவிட்டு, "யம்மா, இதுல யாரு ஜெயிப்பான்னு பாதியிலயே தெரிஞ்சு போவுது" என்று தள்ளிவிட்டார்கள். நான் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டங்களை மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் வரை சண்டை போட்டு ஆடினார்கள். பயந்துகொண்டே அதைச் சேட்டிடம் காட்டினேன். அவர் நின்றபடியே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, "அவுர் பனாவ்" என்றார். இன்னும் செய் என்று அர்த்தம். அப்படித்தான் கர்த்தர் எனக்கு ஒரு தொழிலைக் கொடுத்தார்.

தொழிலைக் கொடுத்த கர்த்தர் கூடவே ஒரு வாயையும் கொடுத்திருக்கலாம் என்று பலமுறை முறுமுறுத்திருக்கிறேன். ஏனென்றால் எனக்குக் கூலி கேட்க வராது.

விளையாட்டை யோசிப்பது நான். அச்சடிப்பது எங்கள் சுவருக்கு அடுத்த கோலியில் இருந்த காதர் பாய். மேலப்பாளையத்துக்காரர். காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று வைத்திருந்தார். அச்சான தாளை அட்டையில் ஒட்டுவது எங்கள் சந்துப் பெண்கள். பகடையும் காயும் வாங்கிப் போட்டு, பெட்டியை முழுசாகச் சேட்டின் குடோனுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு பில். பில் கொடுத்தால் பதினைந்து நாளில் பணம் என்று பேச்சு. அந்தப் பதினைந்து நாள் ஒருநாளும் முடிந்ததில்லை.

ஆபீஸுக்குப் போவேன். பஸ்ஸில் போகும்போதே இந்தியில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே மேனேஜர் குல்கர்ணி சாப் தலையை நிமிர்த்தியதும், நெஞ்சில் கட்டி வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோகும். "நமஸ்தே சாப்" என்பேன். பெஞ்சில் உட்காருவேன். எழுந்து தண்ணீர் குடிப்பேன். மறுபடி உட்காருவேன். வெகுநேரம் கழித்து அவரே, "சேட் பாஹர் கயா. கல் ஆனா" என்பார். சேட் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வா. நான் "அச்சா சாப்" என்று சொல்லி, என்னவோ பெரிய உபகாரம் வாங்கினவள் மாதிரி கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன். பணம் கேட்டால் கோபிப்பாரோ, கோபித்தால் அடுத்த விளையாட்டைத் தரமாட்டாரோ, தராவிட்டால் அரிசி எப்படி, பள்ளிக்கூடம் எப்படி. என் மனசு ஒரு கட்டத்தில் நிற்காது. பகடை போடாமலே ஓடும்.

அந்த வருஷத்து விளையாட்டுக்கு "பாஸ்ட் லோக்கல்" என்று பெயர். என் வீட்டுக்காரர் தினமும் லோக்கல் ரயிலில் பட்ட பாட்டைப் பார்த்து உண்டாக்கியது. அம்பர்நாத்தில் ஏறி விக்டோரியா டெர்மினஸ் போய்ச் சேர வேண்டும். பம்பாயில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பாஷை படிப்பவர்கள் ஆயிற்றே என்று, பலகையில் ஒரு எழுத்துகூட இல்லாமல் படமாகவே போட்டேன். குடை படம் வந்தால் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர், ஒரு ஆட்டம் நிற்க வேண்டும். கறுப்புக் கோட்டு வந்தால் டிக்கெட் பரிசோதகர், பகடையில் ஆறு விழுந்தால்தான் விடுவார். தூங்குகிற மனுஷன் படம் வந்தால், இறங்குகிற இடம் தாண்டிவிட்டது, திரும்பிப் போக வேண்டும். இதையெல்லாம் விளக்குகிற ரூல்ஸ் தாள் தனி. இந்தி, மராத்தி, குஜராத்தி, இங்கிலீஷ் நான்கிலும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு டைப்பிங் கிளாஸில் எழுதி வாங்கினோம். பெட்டிக்கு ஒரு ரூல்ஸ் தாள். அது இல்லாவிட்டால் அந்தப் பலகை வெறும் படம்தான்.

சேட்டுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தீபாவளிக்கு ஆயிரம் பெட்டி வேண்டும் என்றார். முன்பு கொடுத்த விளையாட்டுக்கே பாதிப் பணம் நிலுவை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அச்சா சேட்ஜி" என்று வந்துவிட்டேன்.

காதர் பாயிடம் சொன்னபோது அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரமா? தாளுக்கு எங்க போவ தங்கச்சி?"

"சேட்டு தீவாளிக்குத் தந்துருவாரு பாய்."

"எந்தத் தீவாளிக்குன்னு கேட்டியா?"

அவர் சிரித்தார். அப்புறம் எனக்குத் தெரியாமலே போய், ஒரு பைனான்ஸ்காரனிடம் மெஷின்பேரில் கடன் வாங்கித் தாளும் மையும் இறக்கிவிட்டார். தீபாவளி வாரத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. இது எனக்குத் தெரியவந்தபோது அச்சு முடிந்துவிட்டது. அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் சொல்லி அழுதாள். அன்றைக்கு என் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு சில்லறை வேலைக்கு மெஷின் டடக், டடக் என்று மிதிபடுகிற சத்தம். சத்தம் நின்றால் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களோ என்று எழுந்து போய் எட்டிப்பார்ப்பேன். பாய் டீ குடித்துக்கொண்டிருப்பார். "இருக்கு, இருக்கு. போயி சோத்தப் பொங்கு" என்பார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள், எதற்காக ஜெபிக்கிறார்களோ அந்தப் பொருளையே கொண்டுவந்து முன்னால் வெள்ளைத்துணி விரித்த மேசைமேல் வைப்பார்கள். நோய் என்றால் மருந்துக்குப்பி. துபாய் வேலை என்றால் பாஸ்போர்ட். வீடு என்றால் பழைய சாவி. வைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை. ஜெபம் கேட்கப்பட்ட பிறகுதான், சாட்சி சொல்லி எடுப்பது. சபை ஒரு தோல் குடோனுக்கு மேலே, ஏணி வைத்து ஏறுகிற மாடி அறை. அந்த மேசையைப் பார்த்தாலே எங்கள் சந்தின் கவலையெல்லாம் தெரியும்.

நான் எதை வைப்பது? பழைய பில்லின் நகலைச் சேட்டின் ஆபீஸிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பலகைகளைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியாகிவிட்டது. ரூல்ஸ் தாள்கள் மட்டும் மை காய்வதற்காகப் பாயின் கோலியில் தனிக்கட்டாக இருந்தன. ஒரு தாளை எடுத்துப் பைக்குள் வைத்தேன். வாசலைத் தாண்டவில்லை, மனசு கேட்கவில்லை. ஒரு தாளுக்கு மட்டும் ஜெபித்தால், மற்றத் தாள்களுக்குப் பணம் வராமல் போனால்? படித்தவர்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது அது சிரிப்பாக இல்லை. திரும்பிப் போய் முழுக்கட்டையும் சேலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறினேன். சேட்டின் டெம்போ அடுத்த வாரம் புதன்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கர்த்தர் பதில் கொடுப்பார், கட்டை எடுத்துவந்து பெட்டிக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

பாஸ்டர் அப்போது ஊருக்குப் போயிருந்தார். பாஸ்டரம்மாதான் ஜெபத்தை நடத்தினார்கள். மேசைமேல் அவ்வளவு பெரிய கட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்கள். கை வைத்து ஜெபித்தார்கள். நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, கூலிக்காரருடைய கூலி தாமதிக்கிறது உமக்குப் பிரியமில்லையே. சேட்டின் மனசைத் திறந்தருளும். பாயுடைய மெஷினைக் காப்பாற்றும்" என்று கண்ணீரோடு கேட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஜெபித்த தைரியத்தில் ஆபீஸுக்குப் போனேன். அதே பெஞ்ச். அதே "நமஸ்தே சாப்". குல்கர்ணி சாப் அன்றைக்கு ரொம்ப அலைக்கழிந்தவராக இருந்தார். யாரோ போனில் திட்டிக்கொண்டே இருந்தார்கள். "திங்கள்கிழமை பார்க்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை. கையால் போ என்று காட்டினார். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கோலி காலியாக இருந்தது. பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"டெம்போ வந்துட்டுட்டி. முன்னாலயே வேணும்னு சேட்டு அனுப்பிச்சிட்டாரு. ஒரு பெட்டி விடாம நானே ஏத்திவிட்டேன். பாத்தியா, இனி உனக்கு நிம்மதி."

நான் அந்தக் காலி இடத்தைச் சுற்றித் தேடினேன்.

"ஏங்க, ரூல்ஸு?"

"என்ன ரூல்ஸு?"

"ரூல்ஸ் தாளு. பெட்டிக்குள்ள போடவே இல்லயே! அது ஜெப மேசையிலல்லா இருக்கு!"

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். விஷயம் முழுவதும் கேட்டார்.

"ஒரு தாள வச்சா போதாதாட்டி? ஆண்டவருக்கு மிச்சத்த வாசிக்கத் தெரியாதாக்கும்?"

சத்தம் கேட்டுக் காதர் பாயும் வந்து நிலையில் சாய்ந்து நின்றார். கேட்டுவிட்டு முதலில் தலையில் கை வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்காளுவளும் தர்காவுல போயி வைப்பாக தங்கச்சி. ஆனா சரக்கயே கொண்டுபோயி வைக்க மாட்டாக!"

சிரித்தவரின் மெஷின்தான் போகப்போகிறது. எனக்கு அழுகை பொங்கியது. மறுபடி அச்சடிக்கத் தாள் இல்லை, மை இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் அந்தக் கட்டு என் கண்ணெதிரே மேசைமேல் இருந்தது. கை எட்டுகிற தூரம். எல்லாரும் பாடுகிறார்கள், எனக்குப் பாட்டு ஏறவில்லை. எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் குடோனில் கொடுத்துவிட்டால் சேட் கோபிக்க மாட்டார். ஆனால் ஜெபம் கேட்கப்படுமுன் எடுத்தால், ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? எடுக்காவிட்டால் சேட்டின் வேலையே போய்விடாதா? ஒரு பக்கம் சேட்டைப் பற்றின பயம், ஒரு பக்கம் ஆண்டவரைப் பற்றின பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஆராதனை முடிந்ததும் வெறுங்கையோடு இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை உச்சிவெயிலில் எங்கள் சந்து முனையில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. குல்கர்ணி சாப் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் எங்கள் பெட்டி ஒன்று. அவர் தாராவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்து, என் வாசலில் நின்று பெட்டியைத் திறந்து பலகையை விரித்துக் காட்டினார். இந்தியில் சத்தம் போட்டார். வியாபாரிகள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இதை எப்படி ஆடுவது என்று கேட்கிறார்களாம். தூங்குகிற மனுஷனைக் காட்டி, "யே ஸோயா ஹை யா மர் கயா?" என்று கேட்டாராம் ஒருத்தர். இவன் தூங்குகிறானா, செத்துவிட்டானா? வெளியூர்ச் சரக்கு அன்று சாயங்காலம் ரயிலில் ஏற வேண்டும். ரூல்ஸ் எங்கே, ரூல்ஸ் எங்கே என்று குதித்தார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மாடி அறையைக் கையால் காட்டினேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். காதர் பாய் தன் கோலிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். அவர் வாசலில் அதற்குள் பைனான்ஸ்காரனின் ஆட்கள் இரண்டு பேர் கைவண்டியோடும் கயிறோடும் வந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரை பொறுப்போம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கடந்துதான் நான் சாபைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏணிக்குக் கீழே அவர் ஷூவைக் கழற்றினார். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு கோபத்திலும் கழற்றினார்.

மேலே பாஸ்டரம்மா கோரைப் பாய்களை உதறிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். என் தோளில் கை வைத்து, "எடுத்துக்கொடு பாக்கியம். இது நாம வச்சிக்கிட்ட வழக்கந்தானே? ஆண்டவர் ஒண்ணும் பூட்டுப் போட்டு வைக்கல்ல" என்றார்கள்.

அப்பாடா என்று கையை நீட்டினேன். அதற்குள் குல்கர்ணி சாப் மேசையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். மருந்துக்குப்பி. பாஸ்போர்ட். சாவி. ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி. பக்கத்தில் எங்கள் கட்டு. இதெல்லாம் என்ன என்று கேட்டார். பாஸ்டரம்மாவுக்கு நல்ல இந்தி வரும். ஒவ்வொன்றையும் தொடாமல் காட்டிச் சொன்னார்கள். இவருக்கு நெஞ்சுவலி. இந்தப் பிள்ளைக்கு வேலை. இந்தத் தொப்பிக்காரக் குழந்தை ஆஸ்பத்திரியில். சாபின் குரல் இறங்கிவிட்டது.

"அவுர் யே?" என்று எங்கள் கட்டைக் காட்டினார். இது எதற்காக?

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார்கள். "அத அவதான் சொல்லணும்" என்றார்கள்.

பிரியமானவர்களே, அந்த நிமிஷத்தைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். எத்தனையோ தடவை அந்த பெஞ்சில் உட்கார்ந்து விழுங்கின வார்த்தை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்து இறங்கும்போது தொலைத்த வார்த்தை. இங்கே தேவசமுகத்தில் அந்த மனுஷனே வந்து நின்று, நீ என்ன கேட்டாய் என்று கேட்கிறார். பொய் சொல்ல முடியாத இடம். நான் வாயைத் திறந்தேன்.

"பைசா மாங்கா சாப். கேம் கா பைசா. புரானா பீ, நயா பீ. பிரிண்டர் கா மெஷின் ஜாத்தா ஹை."

பழைய விளையாட்டுக்கும் புது விளையாட்டுக்கும் பணம் கேட்டேன் சாப், அச்சடித்தவரின் மெஷின் போகிறது. இவ்வளவுதான் என் இந்தி. சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்தவில்லை.

குல்கர்ணி சாப் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மேசையைப் பார்த்துக்கொண்டே, "மேரா பீ பகார் பாக்கி ஹை" என்றார். எனக்கும் சம்பளம் பாக்கிதான். நான் அவரை அதுவரை சேட்டின் கை என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப்போல அவரும் ஏதோ ஒரு பெஞ்சில் காத்திருப்பவர் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

நான் கட்டை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "ரக்கோ" என்றார். இருக்கட்டும். கீழே இறங்கி, ரோட்டுமுனை மருந்துக்கடையில் போன் போட்டார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். சேட்டிடம் அவர் சொன்னதன் சாரம் இது: தாள் சாமி முன்னால் வைத்திருக்கிறது. கூலிக்காக வைத்திருக்கிறது. எடுத்துக்கொள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்குக் கை வரவில்லை. தீபாவளியும் அதுவுமாக, சாமிமுன் கேட்ட கூலியைக் கொடுக்காமல் அந்தச் சரக்கை எடுத்துக் கடையில் வைப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

சேட் நம் மார்க்கத்தார் இல்லை. ஆனால் தீபாவளிக்குப் புதுக்கணக்குப் பூஜை போடுகிறவர். தெய்வத்தின் முன்னால் வைத்த பாக்கியோடு புதுக்கணக்கைத் திறக்க அவருக்கும் மனசு வரவில்லை. குல்கர்ணி சாப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஆத்தா ஹை" என்றார். வருகிறது.

ஆபீஸ் பியூன் டாக்ஸியில் பணத்தோடு வந்து சேர்வதற்குள் நான் எத்தனை தடவை சந்துமுனைக்கும் பாயின் வாசலுக்கும் நடந்தேன் என்று தெரியாது. வெயில் தாழ்ந்ததும் கைவண்டிக்காரர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மெஷினின் கால் போல்டுகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனால் ஒருவேளை அழுதுவிடுவார் என்று உள்ளே போகவில்லை.

பணம் வந்தது. பழைய பாக்கி, புதுப் பில், இரண்டும். செக் இல்லை, ரொக்கம். நான் ஏணி ஏறிப்போய், பாஸ்டரம்மா முன்னால் ஒரே வரியில், "ஆண்டவர் கேட்டார்" என்று சாட்சி சொல்லி, கட்டை எடுத்துக் குல்கர்ணி சாப் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். சரக்கு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்.

அங்கிருந்து ஓடினேன். பாயின் கையில் பணத்தை வைத்தபோது அவர் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் பாய்."

"வாயத் திறந்தா?"

"வாயத் திறந்து."

"அப்படின்னா கியாமத் நாளு பக்கத்துல வந்துட்டு" என்று நியாயத்தீர்ப்பு நாளைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைனான்ஸ்காரனின் ஆட்களைப் பார்த்து, "ஏலே, கழட்டுன போல்ட நீங்களே மாட்டிட்டுப் போங்க" என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் டடக், டடக். அந்தச் சத்தத்தில் பகலிலேயே தூங்கிவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

சேட்டின் மனசைத் திறந்தருளும் என்று ஜெபித்தேன். கர்த்தர் முதலில் என் வாயைத் திறந்தார். நான் முறுமுறுத்தது அவர் காதில் விழாமல் இல்லை. கேட்கத் தெரியாதவளுக்குக் கேட்டே ஆக வேண்டிய ஒரு இடத்தை உண்டாக்கினார். என் பயத்தைக்கூட வீணாக்கவில்லை. பயந்து பயந்து முழுக்கட்டையும் தூக்கிக்கொண்டு போனேனே, அந்தப் பயத்தையே அவர் எடுத்து உபயோகித்தார். தைரியசாலியாக இருந்திருந்தால் ஒரு தாளோடு போயிருப்பேன். மிச்சத் தாளைப் பாய் டெம்போவில் ஏற்றியிருப்பார், சரக்கு முழுசாகப் போயிருக்கும். மெஷினும் போயிருக்கும்.

இப்போது நான் எந்த வியாபாரி வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகைப் படம் பிடித்துப்போனால் பாதிப் பணம். பெட்டி வரும்போது மீதி. மீதி வந்த பிறகு ரூல்ஸ் தாள். சொல்லும்போது இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் சொல்கிறேன். சிலர் முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள். சேட் போகவில்லை. செம்பூரில் ஒரு பொம்மைக் கடைக்காரர் புதிதாக வந்திருக்கிறார். எங்கள் சந்துப் பெண்களுக்குச் சனிக்கிழமை தோறும் ஒட்டுக்கூலி கொடுத்துவிடுகிறேன், ஒருத்தியையும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. குல்கர்ணி சாப் அடுத்த விளையாட்டுக்காக வந்தபோது தானாகவே ஏணிக்குக் கீழே ஷூவைக் கழற்றி, மேலே போய், வேலைக்குப் போய்வந்த தன் பழைய ரயில் பாஸை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். அடுத்த மாசமே அதை எடுத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. பாஸ்டரம்மாவுக்கு ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் உழைத்த கூலிக்காக யாருடைய வாசலிலாவது காத்துக்கிடப்பவர்கள் இருப்பீர்கள். கேட்க வெட்கப்பட்டு, பயப்பட்டு, பஸ்ஸில் ஒத்திகை பார்த்து, அங்கே போய் நமஸ்தே மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதினேன். என் பயம் போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பயத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம், அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள். ஏணி கொஞ்சம் ஆடும், கையைப் பிடித்து ஏற்றிவிட நான் இருப்பேன். ஒரு தாளை மட்டும் கொண்டுவராதீர்கள். முழுக்கட்டையும் கொண்டுவாருங்கள்.